ஸ்வீப்பர்

மெசேஜ் இன்னும் போகவில்லை. அதன் மூலையில் சின்னக் கடிகாரம் அப்படியே நின்றது.

வேன் ஜவ்வாது மலையின் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் டவர் கிடைக்கும். கிடைத்ததும் மெசேஜ் தானாகவே போய்விடும். தாம்பரம் எழுத்தாளர் குழுவில் இருக்கும் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் மணியடிக்கும்.

அதற்காகத்தான் தனசேகர் காத்திருந்தான்.

'எழுத்தாளன் என்று கூப்பிட்டு ஸ்வீப்பர் ஆக்கியதற்கு நன்றி. இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம்.'

மதியம் ஓடைக்கரையில் எல்லோரும் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தள்ளி உட்கார்ந்து எழுதியது. அவன் கதைகளைக்கூட அத்தனை கவனமாகத் திருத்தியதில்லை.

ஒரே ஒரு தொகுப்பு போட்டவன். குழுவோடு மலைக்கு வருவது இதுதான் முதல் முறை. கிளம்புவதற்கு முந்தைய நாள், குழுவை நடத்தும் ஜோசலின் யாருக்கு என்ன பொறுப்பு என்று வாட்ஸப்பில் போட்டிருந்தார். முதலுதவி மிருதுளா. சாப்பாடு ஷ்யாம்சுந்தர். ஸ்வீப்பர் தனசேகர்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. அவன் யாரிடமும் சொன்னதில்லை.

வராமல் இருந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டு, முகத்தில் அடித்தாற்போல ஒரு வார்த்தை சொல்லி விலகுவது என்று முடிவெடுத்தான். சிமென்ட் சாக்கும் கையுறையும் எடுத்துவந்தான். எல்லோருக்கும் பின்னால் நடந்து, சிப்ஸ் பாக்கெட், பாட்டில் மூடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கினான்.

இறங்கும்போது, வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட வைத்தீஸ்வரனைக் கண்டது அவன்தான். சரித்திர நாவல்கள் எழுதும் அந்தப் பெரியவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வேன்வரை வந்து சேர்ந்தார்.

இப்போது பக்கத்து இருக்கையில் அவர். அவர் காலடியில் சாக்கு.

“காலையிலேர்ந்து கேக்கணும்னு நினைச்சேன் தம்பி. நீங்க சுற்றுச்சூழல் ஆளா?”

“நீங்கள்லாம்தானே சார் என்னை ஸ்வீப்பர்னு போட்டீங்க.”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

முன்னிருக்கையிலிருந்து ஜோசலின் திரும்பினார். சாக்கைப் பார்த்தார். அவன் இன்னும் கழற்றாத கையுறையைப் பார்த்தார். வாயில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயோ தனசேகர்! ட்ரெக்ல கடைசியா வர்ற ஆளைத்தான் ஸ்வீப்பர்னு சொல்லுவாங்க. அவருக்குப் பின்னாடி யாரும் தங்கிடக் கூடாது. நம்பிக்கையான ஆளுக்குத்தான் குடுப்போம். போன வருஷம் நான்தான் ஸ்வீப்பர்!”

“இதுக்குத்தான் தமிழ்ல போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன்” என்றார் வைத்தீஸ்வரன். “பின்காவல்னு போட்டிருந்தா, பாவம், இவர் மலையையே கூட்டியிருக்க மாட்டார்.”

வேன் முழுக்கச் சிரித்தது. தனசேகரும் சிரிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்தினான்.

முன்னால் யாருடைய போனோ ‘டிங்’ என்றது.

டவர்.

பையிலிருந்து போனை உருவினான். கையுறையோடு தொட்டால் திரை கேட்கவில்லை. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான். கடிகாரம் இன்னும் இருந்தது. மெசேஜை அழுத்திப் பிடித்தான். டெலீட்.

திரையின் மேலே டவர் ஒரு கோடு காட்டியது. பிறகு இரண்டு. வேனில் இருந்த அத்தனை போன்களும் மணியடித்தன. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வந்தவை அதுவரை தேங்கியிருந்த வேறு மெசேஜ்கள். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் அவன் மூச்சை விட்டான்.

கூடுவாஞ்சேரி நெரிசலில் வேன் ஊர்ந்துகொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். குழுவின் கூட்டங்களில் அம்மாவின் அழைப்பு வந்தால் வெளியே போய்த்தான் பேசுவான். இப்போது உட்கார்ந்த இடத்திலேயே எடுத்தான்.

“இன்னாடா, நல்லா பாத்துகினாங்களா? எதனா வேல கீல வச்சாங்களா?”

“வச்சாங்கமா. உன் வேலதான்.”

அம்மா பொன்னியம்மாள் பம்மலில் பல வருடங்களாகத் தெரு கூட்டுகிறவள்.

“ஒழுங்கா செஞ்சியா? எதையும் வுட்டுட்டு வர்லியே?”

வைத்தீஸ்வரன் தூங்கிப்போயிருந்தார். அவர் தலை அவன் தோளில் சரிந்திருந்தது. அது நழுவாமல் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“வுடலமா” என்றான். “ஒருத்தரையும் வுடல.”