தைத்து மூடிய பாக்கெட்

மக்கள் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று ஆராய்ந்து ஓர் ஆடை நிறுவனத்துக்குச் சொல்வது ரெபேக்காவின் வேலை. இந்த மாதம் புதிதாக எதுவும் சொல்லாவிட்டால் ஒப்பந்தம் நீளாது என்று சொல்லிவிட்டார்கள்.

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் அது கிடைத்தது. எதிரே இருந்த பெண்கள் எல்லாருடைய குர்தாவிலும் பாக்கெட்டின் வாய் தைத்து மூடப்பட்டிருந்தது.

"இன்னாக்கா, பாக்கெட்ட மூடி வெச்சிகிறீங்க?"

"அதாம்மா இப்ப ஸ்டைலு," என்றாள் அவர்களில் ஒருத்தியான மமதா. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? புதுசா எதுவும் காட்டலன்னா என் வேல போயிடும்."

"எடுத்துக்கோ. உன் வேலயாவது நெலைக்கட்டும்."

நிறுவனத்துக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து, அதே ரயிலில் ரெபேக்கா மறுபடி மமதாவைப் பார்த்தாள். மமதாவின் பாக்கெட் திறந்திருந்தது.

"அக்கா, உங்க ஸ்டைல் கடைக்கு வரப்போவுது."

"தெரியும்மா. எங்க கார்மெண்ட்ஸ்லதான் தைக்கிறோம்."

"அப்புறம் நீங்க ஏன் பிரிச்சிட்டீங்க?"

"சாயங்காலம் கேட்ல, துணி எடுத்துனு போறமான்னு செக்யூரிட்டி எங்க பாக்கெட்ல கைய உட்டுத் துழாவுவாங்க. அந்தக் கை படக்கூடாதுன்னுதான் மூடினோம். இப்ப மூடினத போட்டுனு வந்தா, கம்பெனி சரக்கு எது, எங்களுது எதுன்னு தெரியலையாம். பிரிச்சிட்டு வாங்கன்னுட்டாங்க."

ரெபேக்கா நின்றுகொண்டே இருந்தாள். மமதா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காரும்மா. உன் வேல நெலச்சிதில்ல?"