தெற்குப் பார்த்த வீட்டில் கிரகணம்

"நிலா எங்கேம்மா?"

கேட்டது குவாக் அம்மா, மாப்பிள்ளைப் பையனின் தாயார். கேட்ட இடம், பெண்ணின் அம்மா பே மிசுக்கின் இருபதாம் மாடி வீட்டு பால்கனி.

மிசுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"முழு சந்திர கிரகணம். எங்க வீட்டுலேர்ந்து பாத்தா கைக்கெட்டுற தூரத்துல தெரியும். பையனைக் கூட்டிட்டு அவசியம் வரணும்" என்று வலியப் போய் அழைத்தவள் அவள்தான். மகள் ஹேரினின் கல்யாணப் பேச்சு மாதக் கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. குவாக் அம்மாதான் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. வீட்டைப் பார்த்தால் சொல்லிவிடுவாள் என்று மிசுக் நம்பினாள்.

வீடு அப்படி. கொரியாவின் சுவோன் நகரத்தில் தெற்குப் பார்த்த வீடு என்றால் சும்மாவா? வெயில் வரும், மதிப்பு வரும், அக்கம்பக்கத்தாரின் பொறாமையும் வரும். நிலா மட்டும் கிழக்கே உதிக்கும் என்பதை வீடு விற்ற தரகர் சொல்லவில்லை, மிசுக்கும் கேட்கவில்லை.

"இதோ, இப்ப வந்துடும் சம்பந்தியம்மா." இன்னும் எதுவும் நிச்சயமாகவில்லை. ஆனாலும் மிசுக் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"எதிர்ல அத்தனை பெரிய கட்டடம் நிக்குது. நிலா அதை இடிச்சுட்டு வருமா?"

மிசுக்கின் கணவர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "டிவியில நேரடியா காட்டுறாங்க. போடட்டுமா?"

மிசுக் முறைத்த முறைப்பில் அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

"டிவியில பாக்க என் வீடே போதுமே" என்று குவாக் அம்மா குளிர்கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

அப்போது ஹேரின் சொன்னாள், "அம்மா, பின்னாடி வாடகைக் கட்டடம் இருக்குல்ல? அந்த வராந்தா கிழக்குப் பாத்தது. அங்க பளிச்சுன்னு தெரியும்."

மிசுக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவை அரசாங்கம் குறைந்த வாடகைக்கு விட்ட வீடுகள். 'அந்தப் பக்கத்து ஆளுங்க' நம் பக்கம் வரக்கூடாது, நடுவில் வேலி வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவளே மிசுக்தான். ஆனால் குவாக் அம்மா ஏற்கெனவே செருப்பை மாட்டிவிட்டாள்.

வேலியைச் சுற்றி நடந்தார்கள்.

"இந்த வேலி எதுக்கு?"

"பூனைத் தொல்லை, சம்பந்தியம்மா."

"ஆள் உயரத்துக்கா?"

"கொஞ்சம் பெரிய பூனைங்க."

வாடகைக் கட்டடத்தின் வராந்தாவில் கிம்ச்சி ஊறுகாய் போடும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தொட்டி தொட்டியாக உப்பில் ஊறிய முட்டைக்கோஸ். அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே, விளக்கிய செப்புக்குடம் மாதிரி நிலா சிவந்து நின்றது.

"அடேயப்பா!" என்றாள் குவாக் அம்மா.

ரப்பர் கையுறையெல்லாம் மிளகாய் விழுதாக ஒரு பெண்மணி எழுந்து வந்தாள். மல்சுன் என்று பெயர். "வாங்க, வாங்க. இங்க நின்னா இன்னும் நல்லாத் தெரியும்" என்று தொட்டியைத் தள்ளிவிட்டு முக்காலி போட்டாள். ஒரு இலையைக் கிழித்து, மசாலாவைச் சுருட்டி, யாரென்று கேட்காமல் குவாக் அம்மாவின் வாயிலேயே ஊட்டியும் விட்டாள்.

மிசுக் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

குவாக் அம்மா மென்றாள். "இன்னொண்ணு குடுங்க" என்றாள்.

நிலாவில் அவ்வளவாக அக்கறை இல்லாத பையனும் ஹேரினும் வராந்தாவின் கோடிக்குப் போய்விட்டார்கள். குவாக் அம்மா மல்சுன் பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா? எப்படிப்பட்ட குடும்பம்?"

இந்தப் பெண்மணியை மிசுக் ஜென்மத்தில் பார்த்ததில்லை. 'தெரியாது' என்று சொன்னாலாவது தப்பிக்கலாம். வேலிக் கதையைச் சொல்லிவிட்டால்?

மல்சுன் மிசுக்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாம என்ன? காலையில எங்கிட்ட 'சாப்டீங்களா'ன்னு கேக்காம அந்த வீட்டுலேர்ந்து வேலைக்குக் கிளம்புறது கிடையாது. போன குளிர்ல எனக்கு முட்டிவலின்னு தெரிஞ்சு, மருந்துக் கடைக்குப் போய் வலிப் பட்டை வாங்கிட்டு வந்து ஒட்டிவிட்டாங்க. அப்படிப்பட்ட வீடும்மா."

குவாக் அம்மா மிசுக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வசதியைக் காட்டத்தான் கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன். தப்பா நினைச்சுட்டேன். குளிர் முடிஞ்சதும் கல்யாணத்தை வெச்சுக்கலாம், சம்பந்தியம்மா."

எல்லோரும் வீட்டை நோக்கி நடந்ததும் மிசுக் மட்டும் திரும்பி ஓடிவந்தாள்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஆனா நான் உங்களைப் பாத்ததே இல்லையே!"

"இத்தனை வருஷமா உங்க கட்டடத்து லிஃப்டைத் துடைக்கிறவ நான்தாம்மா."

மிசுக்கின் முகம் நிலாவைவிடச் சிவந்தது. "அப்புறம்... எனக்காக எதுக்கு இவ்வளவு பெரிய பொய்?"

மல்சுன் அடுத்த முட்டைக்கோஸைக் கையில் எடுத்தாள்.

"பொய்யா? எல்லாம் நிஜம்தாம்மா. செஞ்சது உங்க பொண்ணு. கல்யாணமும் அவளுக்குத்தானே?"