ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம்

"ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷமா? இது செஸ் போட்டியா, இல்ல மியூசிக்கல் சேரா?"

என்று கேட்ட டெனிஸுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு செஸ் கிளப்புக்குச் செயலாளர் அவர். பிழைப்புக்கு இயற்பியல் வாத்தியார். வருடா வருடம் கிளப் போட்டியை நடத்துவதும் அவர்தான். ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒரே நாளில் நாலு சுற்று. யோசிக்காமல் காய் நகர்த்துகிறவனை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் பொன்னுரங்கம். இரும்புலியூரில் நிலபுலன் உள்ள குடும்பம். போட்டி நடக்கும் கல்யாண மண்டபம் அவருடையது. போட்டிக்கு வாடகை வாங்குவதில்லை.

"பதினஞ்சு நிமிஷம் வைங்க சார். எட்டு ஆட்டம் ஆடலாம்ல? அப்டின்னா மண்டபம் உங்களுது. இல்லாங்காட்டி வேற எடம் பாத்துக்குங்க."

"நீங்க செஸ் ஆடுவீங்களா?"

"எனக்கு இன்னா தெரியும்? குதிர எந்தப் பக்கம் போவும்னே தெரியாது."

டெனிஸ் எழுந்துகொண்டார். வெளியே வந்ததும் பொருளாளர் ஹேமாவதியிடம் பொரிந்து தள்ளினார்.

"சாயந்தரம் ஏதோ ரிசப்ஷனுக்கு விட்டிருப்பார். சீக்கிரம் முடிச்சு நம்மளைத் துரத்தணும். அதான் விஷயம்."

"நான் கேட்டுட்டேன் சார். அன்னிக்கு முழுக்க மண்டபம் நமக்குத்தானாம். ராத்திரி வரைக்கும் ஆடினாலும் பரவாயில்லையாம்."

"அப்போ வேடிக்கை பார்க்கணும் அவருக்கு. சேவல் சண்டை மாதிரி. நிலம் வித்த காசு இருந்தா ரசனை வந்துடுமா?"

ஆனாலும் வேறு மண்டபம் கிடைக்கவில்லை. 'தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த ஆண்டு ஆட்டத்துக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிடம்' என்று வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டார். பக்கத்தில் ஒரு அழுகிற முகம்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. கடிகாரத்தைத் தட்டுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. டெனிஸ் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி சுற்றி வந்தார்.

பொன்னுரங்கமும் வந்திருந்தார். முதல் டேபிளில் கிளப்பின் பெரிய ஆட்டக்காரர்கள். அங்கேதான் கூட்டம். அவரோ அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கடைசி டேபிள் அருகிலேயே போய் நின்றார்.

கடைசி டேபிளில் ஏசுதாசன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஐம்பது தாண்டித்தான் செஸ் கற்றுக்கொண்டார். கிளப் பையன்கள் அவரை 'இலவச பாயிண்ட்' என்பார்கள். பெயர் வைத்தது டெனிஸ்.

"முதல் டேபிள்ல தீப்பொறி பறக்குது. இந்த ஆளு குப்பைத்தொட்டிகிட்ட நின்னு என்னத்தைப் பார்க்கிறார்?"

"சார், மெதுவா!" என்றாள் ஹேமாவதி.

ஏசுதாசன் தோற்றார். மறுபடியும் தோற்றார். தோற்றவர்களுக்குத் தோற்றவர்களோடுதான் ஜோடி போடுவார்கள். அப்படியும் தோற்றார்.

கடைசிச் சுற்று. எதிரே ஹரிபிரசாத், சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பையன். இவனும் புதுசு. ஆனாலும் ஏசுதாசனின் ராணியை வெட்டிவிட்டான், யானையை வெட்டிவிட்டான். ராஜாவை எந்தப் பக்கமிருந்து மடக்கினால் அழகாக இருக்கும் என்று கன்னத்தில் கை வைத்து ரசித்துக்கொண்டிருந்தான்.

ஏசுதாசன் வகுப்பறைப் பிள்ளை மாதிரி மெல்லக் கை தூக்கினார்.

"சார்... தம்பிக்கு டைம் முடிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறேன்."

டெனிஸ் வந்து பார்த்தார். ஹரிபிரசாத்தின் கடிகாரத்தில் பூஜ்யம். நேரம் தீர்ந்தால் தோல்வி. விதி விதிதான்.

"ஏசுதாசன் ஜெயிச்சார்" என்று கசப்பு மருந்தைத் துப்புகிற மாதிரி சொன்னார்.

நேரே பொன்னுரங்கத்திடம் போனார்.

"பார்த்தீங்களா உங்க பதினஞ்சு நிமிஷத்தோட லட்சணத்தை? அந்தப் பையன் கையில அத்தனை காய் இருந்தும் தோத்துட்டான். ஒரு மணி நேரம் குடுத்திருந்தா, அந்த மனுஷன் ஜென்மத்துல ஜெயிச்சிருக்க மாட்டார்!"

"அதத்தான் சார் நானும் நென்ச்சேன்."

டெனிஸுக்குப் புரியவில்லை.

பொன்னுரங்கம் மோவாயால் வாசலைக் காட்டினார். அங்கே ஏசுதாசன் கையில் போனோடு நின்றிருந்தார். அவசரத்தில் வேறு யாரையோ அழுத்திவிட்டு, துண்டித்துவிட்டு, மறுபடி தேடிக்கொண்டிருந்தார்.

"போன வருசம் எல்லா ஆட்டமும் தோத்துட்டு அங்கதான் நின்னாரு சார். பசங்க சிரிச்சிகினே போனானுங்க. இவரு வூட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, 'ஒண்ணு ஜெயிச்சுட்டேன் ஞானம்'னு சொல்லிகினு இருந்தாரு. நான் பக்கத்துலயே குந்திகினு இருந்தேன். ஒரு மாதிரி ஆயிடுச்சி. ஆட்டம் நெறைய இருந்தா எதுலனாச்சும் ஒண்ணு கெலிப்பாருல்ல?"

டெனிஸ் வாசலைப் பார்த்தார். போன் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஏசுதாசன் கத்தினார்.

"ஞானம்! ஒண்ணு ஜெயிச்சுட்டேன்!"

பொன்னுரங்கம் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"இந்த வாட்டி பொய் இல்ல சார்."