மேனுவலில் ஒரு புருஷன்

சாயப்பட்டறைக் கொதிகலனின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியின் சிறு வடிவம் ஒன்று சென்னியப்பனின் காதுக்குப் பின்னாலும் இருந்தது. முன்பெல்லாம் குழம்பில் உப்புக் குறைந்தால் அவன் கை மனைவி பூங்கோதையின் கன்னத்தில் இறங்கும். கருவியைத் தானாக இயங்கும் ‘ஆட்டோ’ நிலையில் வைத்த பிறகு, அவன் கோபம் அதில் குறித்துவைத்த அளவைத் தாண்டுவதே இல்லை. இந்த நல்ல குணம் புருஷனுடையதா, கருவியுடையதா என்ற கேள்வி மட்டும் அவளை விடவில்லை. ஒருநாள் அவன் தோசை தின்றுகொண்டிருந்தபோது, கருவி தலையிடாத ‘மேனுவல்’ நிலைக்கு மாற்றிப் பார்க்கக் குனிந்தாள். அது ஏற்கெனவே மேனுவலில் இருந்தது.

“ஏனுங்க, இது எப்பருந்து?”

“பொங்கலப்பவே மாத்திப்போட்டேன் புள்ள. நீ பயந்துக்குவீன்னு சொல்லல. சட்னி வையி.”

வைத்தாள். உப்புப் போட மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“உப்பில்லாட்டியும் நல்லாத்தான் இருக்குது” என்று சிரித்தான்.

கன்னத்தை மூடியிருந்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.