முதற்கவளம்

மாரி ஓய்ந்து, பனியும் மெலியத் தொடங்கிய காலம். அறுத்தடுக்கிய நெல் வேளாண்மையின் மணம் வயல் கடந்து, மதில் கடந்து, ரிமாண்ட் சிறையின் கம்பிகளுக்குள் மெல்ல வந்து படிந்தது. வெளியே உலகம் களஞ்சியம் நிரப்பிக்கொண்டிருந்தது.

உள்ளே கந்தப்போடி உண்ணாதிருந்தார்.

காலை உணவுக்கு வந்த பாணைத் தொடவில்லை. பத்து மணித் தேநீரையும் கழிவு வாய்க்காலில் ஊற்றினார். அதுதான் மசூரை அச்சுறுத்தியது.

பதினொரு மாதச் சிறை மசூருக்குச் சில பாடங்களைக் கற்பித்திருந்தது. முதுகைச் சுவருக்குக் கொடுத்து உறங்கு. தண்ணீர் வாளிக்கு முந்து. உணவை ஒதுக்குபவனைக் கண்ணிலிருந்து விடாதே. சென்ற ஐப்பசியில் சோற்றை ஒதுக்கிய ஒருவன், மாலையில் அருகிலிருந்தவனைக் கரண்டிக் காம்பால் குத்தினான்.

கந்தப்போடி காரைதீவுத் தமிழர், மசூர் கல்முனைக்குடி முஸ்லிம். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் இரு பக்கமும் விழுந்த பிணங்களுக்குப் பிறகு, ஒரே அறையில் கிடந்தும் இருவரும் ஒரு சொல் பேசியதில்லை.

நண்பகலில் மசூரின் மனைவி நதீரா வந்தாள். அவன் மாலையில் ரமழான் நோன்பு திறப்பதற்கென்று பிட்டும் மீன்கறியும் கட்டிவந்திருந்தாள். கம்பிக்கு இப்பால் மசூர் நின்றான். அவனுக்குப் பின்னால் கந்தப்போடி தரை கூட்டிக்கொண்டிருந்தார். கையில் நீண்ட தும்புத்தடி.

காவலர் பொதியை அவிழ்த்துக் கம்பிக்குக் கீழிருந்த பலகையில் வைத்தார். "கொண்டுவந்த ஆள் முதல்ல சாப்பிட்டுக் காட்டோணும்."

நஞ்சுக்கு அஞ்சி வைத்த சட்டம்.

"சேர், நான் நோம்பு," என்றாள் அவள்.

"அப்ப திருப்பிக் கொண்டு போ."

நதீரா கணவனைப் பார்த்தாள். பிறகு அவள் விரல்கள் பிட்டை நோக்கி நகர்ந்தன. வேண்டாம் என்று கத்த மசூரின் நா எழுந்தது. காவலரை மறித்துப் பேசினால் மறுமாதம் சந்திப்பு இல்லை; அந்தப் பாடம் நாவை அமுக்கியது.

பின்னால் கூட்டும் ஓசை நின்றது.

மசூரின் பிடரி சில்லிட்டது. தும்புத்தடி தரையில் விழுந்தது. ஒரு கை அவன் தோளைக் கடந்து நீண்டது.

"ஆராவது திண்டாச் சரிதானே சேர்? நஞ்செண்டா நான் சாகிறன். உங்களுக்கு ஒரு றாத்தல் பாண் மிச்சம்."

காவலர் சிரித்தார். கந்தப்போடி மீனோடு ஒரு கவளம் எடுத்து, கண்களை இறுக மூடி விழுங்கினார்.

மாலையில், அறைக்குள் வெயில் ஒரு கோடாகச் சுருங்கியபோது எங்கோ கோயில் மணி ஒலித்தது. கந்தப்போடி சாறன் முடிச்சை அவிழ்த்து, அதில் பொதிந்திருந்த திருநீற்றை நெற்றி நிறையப் பூசினார். கைகள் தலைக்குமேல் குவிந்தன.

"பொறுத்துக்கொள் சிவனே."

மசூர் முதன்முறையாக அவரிடம் வாய் திறந்தான். "அண்ணன், இண்டைக்கு என்ன?"

"சிவராத்திரி. முப்பது வருசமாத் தவறாத விரதம், தம்பி." திருநீற்றை மீண்டும் முடிந்தபடி சொன்னார்: "மீன்கறி நல்ல ருசி."

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. மசூரின் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அதை இலையில் திரும்ப வைத்துவிட்டு, இரு உள்ளங்கைகளையும் ஏந்தினான்.

"யா அல்லாஹ், முதல்ல இந்த மனிசன்ட நோம்பை ஏற்றுக்கொள்."