பாஸ்போர்ட்டில் இருந்த முகம்

தணிகாசலத்தின் மேஜை இழுப்பறையில் ஒரு பாஸ்போர்ட்டும், விமானக் கம்பெனி கொடுத்த ஒரு கிரெடிட் கார்டும் குடியிருந்தன. கார்டைத் தேய்த்து எது வாங்கினாலும் இலவசப் பயணத்துக்கு மைல் சேரும். பாஸ்போர்ட்டில் இதுவரை ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை.

“இன்னைக்கு ரெண்டாவது ஃபிரிட்ஜ் வாங்கினார். நானூறு மைல்!” என்றது கார்டு.

“என் போட்டோவில அவர் ஓரடி பின்னால போயிட்டார்” என்றது பாஸ்போர்ட்.

கார்டு சிரித்தது. மறுநாள் சோபா, அடுத்த வாரம் ஏசி. ஒவ்வொரு தடவையும் போட்டோவில் அவர் முகம் சிறுத்துக்கொண்டே போய்க் கடுகளவானது.

“எப்பங்க கிளம்புறோம்?” என்று அவர் மனைவி கோமளா கேட்பாள். “இன்னும் கொஞ்சம் சேரட்டும்” என்பார். அந்தக் குரல் வரவர எங்கோ தூரத்திலிருந்து கேட்டது.

ஒருநாள் கார்டு கூவியது: “பாரிஸுக்கு ரெண்டு டிக்கெட் அளவுக்குச் சேர்ந்தாச்சு!”

பாஸ்போர்ட் தன்னைத் திறந்து காட்டியது. போட்டோவில் வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது.

வெளியே கோமளா, “என்னங்க... என்னங்க...” என்று அறை அறையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு தூரம் போயிருப்பார்?” என்று கார்டு மெதுவாகக் கேட்டது.

“நீதானே எண்ணிக்கிட்டிருந்தே” என்றது பாஸ்போர்ட்.