கூட்டில் விழுந்த மாவு

பேராச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெள்ளையாக எதையோ கூட்டுச் சட்டிக்குள் தூவியதை முப்பிடாதி வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டாள். இடுப்பிலிருந்த தண்ணீர்க்குடம் நழுவி, தாராவிச் சந்தில் உருண்டு ஓடியது.

அவள் குடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை நாளாக எதற்குப் பயந்துகொண்டிருந்தாளோ அது கண்ணெதிரே நடந்துவிட்டது.

மகள் தங்கமயிலுக்கு வயது மூன்று. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் உப்பி, சுவரில் சாய்ந்து கிடந்தாள். பசிக்கிறது என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

என்ன நோய் என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டாள். குழந்தையின் குடலுக்குக் கோதுமை ஆகாது. ரவை, மைதா எல்லாம் அதே கோதுமைதான், ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக்கூடாது. அன்றைக்குப் புருஷன் பூலோகத்துக்கு சேட் லீவு கொடுக்காததால் முப்பிடாதி தனியாகத்தான் போனாள். வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குக் கோதுமை கூடாதாம் என்று மட்டும் சொன்னாள்.

அது ரேஷன் கடையில் அரிசியைக் கண்ணில் காட்டிவிட்டு, கோதுமையை அள்ளிப் போட்ட காலம். அக்கம்பக்கத்தில் கோதுமையைக் கொடுத்து அரிசியாக மாற்றினாள். சட்டி, கரண்டி எல்லாம் பிள்ளைக்குத் தனியாக வைத்தாள். தினமும் குழைந்த சோறு. பூசணிக்காய், பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம், பெருங்காயம் போட்டு ஒரு கூட்டு. அதில் கோதுமை நுழைய வழியே இல்லை.

அப்படியும் முந்தாநாள் நிறுத்துப் பார்த்தபோது எடை இன்னும் குறைந்திருந்தது. "எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகுது. இப்படியே போனா பிள்ளை தாங்காதும்மா" என்றாள் டாக்டரம்மா.

சந்தேகம் நேராகப் பேராச்சிமேல் போனது. பூலோகத்தின் அக்கா அவள். பிள்ளை குட்டி இல்லாமல் தம்பி வீட்டோடு இருக்கிறவள். மாமியார் இல்லாத குறை முப்பிடாதிக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டாள். இரண்டு ரொட்டி உள்ளே போனால் பிள்ளை எழுந்து ஓடும், டாக்டருக்கு என்ன தெரியும் என்று வாரத்துக்கு ஒருதரமாவது சொல்லிவிடுவாள்.

முப்பிடாதி பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலெல்லாம் மாவு.

"என்ன மயினி போட்டிய?"

பேராச்சி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "ஒண்ணுமில்லட்டி. கூட்டு தண்ணியாக் கெடந்துச்சு."

"எம் பிள்ளையக் கொல்லப் பாக்கியளா?"

பேராச்சிக்கு முகம் செத்துப்போனது. அடுப்போரம் உட்கார்ந்துவிட்டாள். தங்கமயில் பயந்து அழுதாள். அழுகைகூட முனகலாகத்தான் வந்தது. தொட்டுப் பார்த்தால் வயிறு கல்லாக இருந்தது.

முப்பிடாதி கூட்டைச் சட்டியோடு தூக்கிப்போய் வெளியே கொட்டினாள். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தாள். பெருங்காயக் கட்டியில் சுண்டைக்காய் அளவு கிள்ளி, வெந்நீரில் கரைத்தாள். வயிற்று உப்பசத்துக்கு அவளையும் அப்படித்தான் கொடுத்து வளர்த்திருந்தார்கள். இந்த ஒரு மாதத்தில் இரண்டு கட்டி கரைந்திருக்கிறது, உப்பசம்தான் அடங்கவில்லை.

அதற்குள் பூலோகம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். பக்கத்துச் சந்தில் பெருங்காயப் பட்டறையில் அவனுக்கு வேலை. ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். முப்பிடாதி மூச்சு விடாமல் நடந்ததைச் சொன்னாள். உங்கள் அக்கா பிள்ளையின் கூட்டில் மாவைக் கலக்கிறாள் என்றாள்.

பூலோகம் அக்காவின் முந்தானையில் ஒட்டியிருந்த மாவை எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"ஏளா, இது அரிசி மாவு. நறநறங்குது பாரு."

பேராச்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள். தன் பங்கு அரிசியைச் சமைக்காமல் எடுத்துவைத்து, திருகையில் அரைத்து, பிள்ளை உடம்பில் கொஞ்சம் ஒட்டட்டும் என்று ஒரு வாரமாகக் கூட்டில் சேர்க்கிறாளாம். அவள் வெறும் ரொட்டியைத் தின்றுகொள்கிறாளாம். சொன்னால் முப்பிடாதி விடமாட்டாள் என்றுதான் மறைத்தாளாம்.

முப்பிடாதிக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அதைவிடப் பயம் இப்போது கூடிவிட்டது. பேராச்சியும் இல்லையென்றால், கோதுமை எங்கிருந்துதான் போகிறது? பிள்ளையை மடியில் போட்டு, கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டே மறுபடியும் கேட்டாள்.

"நல்லாப் பாத்தியளா? மைதா இல்லையே?"

அக்காமேல் பழி இல்லை என்ற நிம்மதியில் பூலோகம் லேசாகச் சிரித்தான். "தெனமும் மூட்டை மூட்டையா மைதா பெசையுதேன். எனக்குத் தெரியாதா?"

கிண்ணம் பிள்ளையின் உதட்டில் பட்டுவிட்டது. முப்பிடாதியின் கை அப்படியே நின்றது.

"பட்டறையில மைதா எதுக்கு?"

அவன் அடுப்பு மேடையில் இருந்த கட்டியைக் கண்ணால் காட்டினான்.

"பெருங்காயத்துல பாதி அதானளா."